காலமானார் கார்பரேட்டர்

மஸ்ஜித் தானா டவுனில் ஏதாவது ஓர் உதிரிப்பாகக் கடைக்குப் போய், பழைய சாகா காடிக்குக் கார்பரேட்டர் ரிப்பேர் கிட் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். கல்லாவில் இளைஞர் இருந்தால் கணினியைத் தட்டிவிட்டு, "எம்பிஐ மாடலா அங்கள்?" என்பார். வயதான தவ்கே இருந்தால் உங்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஏணியை இழுத்துப் போடுவார். மேல்தட்டில் தூசி மூடிய பெட்டிகளுக்குள் துழாவுவார். கிட் கிடைத்தாலும் உள்ளே ரப்பர் விறைத்திருக்கும், கேஸ்கெட் தொட்டால் விள்ளும். அலோர் காஜாவுக்குப் போனாலும் லுபோக் சீனாவுக்குப் போனாலும் இதே கதைதான்.

ஆகவே அறிவித்துவிடலாம். நூறாண்டுக்கு மேல் காடிகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் மூச்சும் சோறும் ஊட்டிவந்த கார்பரேட்டர், நெடுநாள் நோய்வாய்ப்பட்டிருந்து காலமானது. இறந்த தேதி ஊருக்கு ஊர் வேறு. அமெரிக்காவில் 1990களின் முதல் பாதியோடு புதுக் கார்களிலிருந்து அது மறைந்துவிட்டது. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 அன்று பிஎஸ்-6 விதி நடப்புக்கு வந்தபோது ஸ்ப்ளெண்டர், புல்லட் மோட்டார் சைக்கிள்களும்கூட, கணினி அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. மலேசியாவில் சங்கு ஊதியதாக நினைவில்லை. 1985 ஜூலை 9 அன்று வெளியான முதல் சாகாவில் மிட்சுபிஷியின் 1.3 லிட்டர் எஞ்சினும் அதன்மேல் மிக்குனி கார்பரேட்டரும் இருந்தன. 1994-இல் வந்த 660 சிசி கன்சிலுக்கும் கார்பரேட்டர்தான். 2005-இல் மைவி வந்தபோது பிறப்பிலேயே இன்ஜெக்‌ஷன். இதற்கு நடுவே நம் அலோர் காஜா மாவட்டத்திலேயே, பெகோவில், 2003-இல் ஹோண்டா தொழிற்சாலை திறந்தாயிற்று. அங்கே பூட்டி வெளியேறும் காடிகளுக்குக் கார்பரேட்டர் என்ற ஒன்று இருந்ததே தெரியாது.

பிறப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1886-இல் கார்ல் பென்ஸ் ஓட்டிக் காட்டிய வண்டியில் காற்றைப் பெட்ரோலின் மேற்பரப்பில் தடவிவிட்டு ஆவியை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடுதான் இருந்தது. 1893 வாக்கில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் பெட்ரோலைப் பீய்ச்சித் திவலையாக்கும் கார்பரேட்டரைச் செய்தார். ஏறக்குறைய அதே நேரத்தில் ஹங்கேரியில் பாங்கியும் சோங்காவும் அதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். தகப்பன் யார் என்ற வழக்கு தீர்ந்தபாடில்லை.

வேலை செய்யும் விதம் எளிது. எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது. காற்று போகும் குழாயின் கழுத்து ஓரிடத்தில் குறுகுகிறது. குறுகிய இடத்தில் காற்றின் வேகம் கூடி, அழுத்தம் குறைகிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியரான வெந்தூரி தண்ணீரை வைத்துச் சொன்ன விஷயம் இது. அந்தக் கழுத்தில் ஒரு சிறு துளை. துளைக்குக் கீழே பெட்ரோல் நிற்கும் கிண்ணம். அழுத்தம் குறைந்ததும் பெட்ரோல் தானாக மேலேறித் தெறிக்கிறது. கிண்ணத்தில் மட்டம் குறைந்தால் மிதவை இறங்கி ஊசியைத் திறக்கும், நிரம்பினால் மூடும். மின்சாரம் வேண்டாம், கணக்குப் போடும் மூளை வேண்டாம். காற்று எவ்வளவு ஓடுகிறதோ அதற்கேற்ற பெட்ரோலை அதே காற்றே கொண்டுபோகும். இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு ஓர் எஞ்சினுக்குள் இன்னொன்று இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

தோட்டத்துக்குள் அது துரையோடும் கிராணியாரோடும் வந்தது. துரையின் லேண்ட் ரோவரில் சோலெக்ஸ், பிறகு ஸெனித். மோரிஸ் மைனரில் எஸ்யூ. இந்த எஸ்யூவைக் கண்டுபிடித்த ஸ்கின்னர் சகோதரர்களின் குடும்பத் தொழில் காலணிக் கடை. அதனாலோ என்னவோ, 1900களின் தொடக்கத்தில் செய்த முதல் எஸ்யூக்களுக்குள் தோலால் ஆன துருத்தி இருந்தது. உலோகப் பிஸ்டன் பிறகுதான் வந்தது. அந்தப் பிஸ்டன் ஏறி இறங்கும் தண்டுக்குள் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் நிற்க வேண்டும். தையல் மிஷின் எண்ணெயை ஊற்றிச் சமாளித்தவர்கள் நிறையப் பேர். ஜப்பான் காடிகள் வந்த பிறகு பெயர்கள் மாறின: டாட்சன் 120ஒய்யில் ஹிட்டாச்சி, டொயோட்டாவில் ஐசான், கப்சாய்களில் கெய்ஹின்.

ஆனால் மலாக்காத் தமிழரின் வாழ்க்கைக்குள் கார்பரேட்டர் நுழைந்தது துரையின் பங்களா வழியாக அன்று, ஒர்க்‌ஷாப் வழியாக. ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அத்தனை கைகள் வேண்டாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயத்தைக் காலி செய்தவர்கள் டவுனை ஒட்டிய தாமான்களுக்கு வந்தார்கள். மூன்றாம் படிவத்தோடு நின்ற பையனுக்குத் திறந்திருந்த கதவுகள் சில. லாரியில் கெலிண்டானாகப் போகலாம். அல்லது சீனத் தவ்கேயின் ஒர்க்‌ஷாப்பில் சேரலாம். அங்கே முதல் வேலை கூட்டுவது, ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது, தேநீர் வாங்கி வருவது. அடுத்த வேலை கார்பரேட்டர் கழுவுவது.

மைலோ டின்னில் பெட்ரோல் ஊற்றிவைத்து, பக்கத்தில் தமிழ் நேசன் தாளை விரித்துக்கொள்வார்கள். கழற்றிய வரிசைப்படியே ஸ்க்ரூ, மிதவையின் முள், ஊசி, ஸ்ப்ரிங், பித்தளை ஜெட்டுகள் என்று தாளின் மேல் இடமிருந்து வலமாக அடுக்க வேண்டும். வரிசை குலைந்தால் முதுகில் ஓர் அடி. கேஸ்கெட் கிடைக்காவிட்டால் கேஸ்கெட் காகிதத்தைக் கார்பரேட்டரின் முகத்தில் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பைச் சுற்றி மெல்லத் தட்டினால் காகிதம் அளவாக வெட்டுப்பட்டு வரும். ஜெட்டில் அடைப்பு இருந்தால் கம்பியை எடுக்கத் தோன்றும். அப்போது போமன் அதட்டுவார்: "டேய் தம்பி, கம்பி விட்டுக் குத்தாதே. ஓட்டை பெருசாயிடும். காத்து அடி, இல்லாட்டி வாயில வெச்சு ஊது." ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்தத் துளையில் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு வித்தியாசம் வந்தாலே எஞ்சின் குணம் மாறிவிடும். பள்ளிக்கூடத்தில் கணக்குத் தேறாத பையன்கள் அந்த வித்தியாசத்தைக் கண்ணால் கண்டுபிடித்தார்கள்.

பிறகு காதுக்கு வேலை. கலவை ஸ்க்ரூவை முட்டும்வரை முடுக்கி, இறுக்காமல் நிறுத்தி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்றுத் திறக்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுக் கால் சுற்று அப்படி, கால் சுற்று இப்படி. சத்தம் உயர்ந்து சீராகும் இடம் ஒன்று உண்டு. அதைத் தாண்டினால் தடுமாறும், எட்டாமல் விட்டால் கரும்புகை கக்கும். அந்த இடத்தைப் புத்தகம் சொல்லாது. ஏனெனில் தேய்ந்த எஞ்சினுக்கு அது நாளுக்கு நாள் நகரும். பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் மீதிச் சந்தேகம் தீரும். கறுத்து மசி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதல். வெளுத்திருந்தால் போதவில்லை. தேநீர் நிறம் வந்தால் வேலை முடிந்தது.

ஆர்எக்ஸ்இஸட் மோட்டோ வைத்திருந்த பையன்களுக்கு இந்தப் பாடம் வேறு விதமாகக் கிடைத்தது. 135 சிசி, டூ ஸ்ட்ரோக். பெங்காலான் பாலாக் கடற்கரைச் சடக்கில் இரவில் அது போனால் மூன்று தாமானுக்குக் கேட்கும். புகைக்குழாயை மாற்றினால் ஜெட்டையும் மாற்ற வேண்டும் என்பது தெரியாதவர்கள் நடுவழியில் பிஸ்டன் பிடித்து மோட்டோவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கலவை மெலிந்தால் ஏறும் சூட்டைப் பிஸ்டன் தாங்காது. பெரிய எஞ்சின் பூட்டிய அமெரிக்க மசில் கார் போல நம் ஊரில் ஏதாவது இருந்திருந்தால் அது இதுதான்.

கார்பரேட்டரின் வாழ்க்கையில் மிகப் பெருமைக்குரிய அத்தியாயம் எது என்று கேட்டால், பந்தயப் பாதை எதையும் சொல்ல மாட்டேன். யாழ்ப்பாணத்தைச் சொல்வேன். 1990களில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் உள்ளே போகவில்லை. மண்ணெண்ணெயும் அரிதாகத்தான் கிடைத்தது. அந்த ஊர்க்காரர்கள் மோரிஸ் மைனரையும் ஏ-40ஐயும் ஹோண்டா மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. அதனால் ஒரு சிறு போத்தலில் கொஞ்சம் பெட்ரோலைப் பத்திரப்படுத்தி, கார்பரேட்டருக்குள் சில துளி விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையும் நாற்றமும் ஊரை மூடின. ஆனால் வண்டி ஓடியது. நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போனார், ஆசிரியர் பள்ளிக்கூடம் போனார். இன்றைய இன்ஜெக்‌ஷன் காடியில் இதைச் செய்து பாருங்கள்; டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் வண்டி படுத்துவிடும். அதன்மேல் குற்றமில்லை. தனக்கு வகுத்த எரிபொருளைத் தவிர வேறு எதையும் ஏற்கும் அதிகாரம் அதற்குக் கொடுக்கப்படவில்லை. கார்பரேட்டர் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. புரிந்துகொண்டவன் கை வைத்தால் இணங்கிப் போனது.

புகழ்ந்தது போதும். இரங்கல் கட்டுரை என்பதற்காகக் குறைகளை மறைக்க நான் தயாரில்லை. கார்பரேட்டரை நினைத்து உருகுகிறவர்களில் பாதிப்பேர், அடைமழை மாதத்தில் விடிகாலைப் பெரட்டுக்கு நேரமாகிக்கொண்டிருக்கும்போது, சோக்கை இழுத்து இழுத்து உதைத்தும் எழாத ஒரு கப்சாயோடு போராடியதில்லை. இரண்டு வாரம் நிறுத்திவைத்தால் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகும். மிதவை சிக்கிக்கொண்டு பெட்ரோல் வழியும். ஸ்பேனர் பிடியால் கிண்ணத்தைத் தட்ட வேண்டும். மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைப் பக்கம் காடிகள் ஊர்ந்துபோகும்போது, வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி நின்றுவிடும். பம்பின்மேல் ஈரத் துணியைச் சுற்றிவிட்டு, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். கெந்திங் மலை உச்சிக்குக் குடும்பத்தோடு ஏறினால், அங்கே காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. கார்பரேட்டருக்கு அது தெரியாது. அந்தக் குறைவுக்கேற்பப் பெட்ரோலைக் குறைக்காது; வண்டி இருமும்.

இவை எல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைகள். அதைக் கொன்றது புகைக்குழாயில் இருந்தது.

1970-இல் அமெரிக்கா காற்றுத் தூய்மைச் சட்டத்தைக் கடுமையாக்கியது. அதன் விளைவாகப் புகைக்குழாயில் நச்சு நீக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது. மூன்று வகை நச்சுகளை ஒருசேர நீக்கும் கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு: ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைப்படி 14.7 பங்கு காற்று. கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அதன் திறன் விழுந்துவிடும். கார்பரேட்டரால் இந்தக் கோட்டின்மேல் நடக்க முடியவில்லை. 1976-இல் வோல்வோ காரில் ஒரு சென்சார் வந்தது. புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை முகர்ந்து, அதைக் கணினியிடம் சொல்லும். கணினி அதற்கேற்பப் பெட்ரோல் அளவை உடனுக்குடன் திருத்தும். தன் புகையைத் தானே முகர்ந்து திருந்தும் எதிரி வந்த பிறகு கார்பரேட்டருக்கு எதிர்காலம் இல்லை. மின்னணுக் கார்பரேட்டர், வெற்றிடக் குழாய்கள், சொலனாய்டுகள் என்று கடைசிக் காலத்தில் அதன் உடம்பெங்கும் குழாய் சொருகி உயிரை இழுத்துப் பிடித்தார்கள். அந்தக் கார்பரேட்டர்களைப் பழுதுபார்த்தவர்களைக் கேளுங்கள். ஒருவரும் நல்ல வார்த்தை சொல்ல மாட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மின்னணு இன்ஜெக்‌ஷன் முதலில் வந்தது அமெரிக்காவின் பெரிய வி-8 கார்களில். 1958-இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் 300டி முதலிய சில கார்களில் பெண்டிக்ஸ் செய்த எலெக்ட்ரோஜெக்டரைப் பொருத்தியது. விற்றவை ஏறத்தாழ 35. அந்தக் காலத்து மின்னணுப் பாகங்கள் சூட்டையும் அதிர்வையும் தாங்கவில்லை. பெரும்பாலான கார்களில் அதைக் கழற்றிவிட்டுக் கார்பரேட்டரையே மாட்டிக் கொடுத்தார்கள். காப்புரிமைகள் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்துக்குப் போயின. 1967-இல் அவர்கள் டி-ஜெட்ரானிக் என்ற பெயரில் ஃபோக்ஸ்வாகன் 1600-இல் அதை ஒழுங்காக ஓடவைத்தார்கள். இன்றைக்குப் பழைய மசில் கார்களில் கார்பரேட்டரைக் கழற்றி இன்ஜெக்‌ஷன் மாட்டுகிறார்களே, அந்தக் கார்களின் மூதாதைகளில் நடந்த முதல் மாற்று அறுவை இதற்கு நேர் எதிரானது.

அந்த மசில் கார்கள் கார்பரேட்டரின் பொற்காலப் பிள்ளைகள். 1964 பாண்டியாக் ஜிடிஓவின் 6.4 லிட்டர் எஞ்சினுக்கு மூன்று கார்பரேட்டர்களை வரிசையாகப் பொருத்தி 348 குதிரைசக்தி என்றார்கள். 1970 செவல் எஸ்எஸ்ஸின் 7.4 லிட்டர் எல்எஸ்-6 எஞ்சினுக்கு நான்கு வாய் ஹாலி கார்பரேட்டர் ஒன்று, 450 குதிரைசக்தி. மலாக்காவில் இவற்றைப் பார்ப்பது ஏன் அரிது என்பதற்குச் சாலை வரி ஒன்றே போதும். தனியார் செலூன் காருக்கு 3,000 சிசியைத் தாண்டினால் அடிப்படை வரிக்கு மேல், தாண்டிய ஒவ்வொரு சிசிக்கும் 4.50 வெள்ளி. சலுகை ஏதும் இல்லாவிட்டால் ஒரு செவலுக்கு ஆண்டுக்கு 20,000 வெள்ளியைத் தாண்டும்.

அமெரிக்காவில் அந்தக் கார்களை மாற்றுவது இப்போது பெரிய வணிகம். ஹாலி நிறுவனமே, தான் பல்லாண்டாகச் செய்துவந்த நான்கு வாய்க் கார்பரேட்டரின் இடத்தில் அதே நான்கு போல்ட்டில் உட்காரும்படி ஓர் இன்ஜெக்‌ஷன் பெட்டியை விற்கிறது. பழைய காற்று வடிகட்டியை மேலே மூடிவிட்டால் கண்டுபிடிக்க முடியாது. இறந்தவரின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. புகைக்குழாயில் ஓட்டையிட்டு ஆக்சிஜன் சென்சாருக்கு ஒரு வளையம் பற்றவைக்க வேண்டும். கார்பரேட்டருக்கு அரை பார் அழுத்தம்கூட வேண்டாம். இன்ஜெக்‌ஷனுக்கு மூன்று, நான்கு பார் வேண்டும். எஞ்சின் பக்கத்திலிருந்த பழைய பம்பு அதற்கு ஆகாது. டாங்கிக்குள் மின்பம்பு, உயரழுத்தம் தாங்கும் குழாய், மிஞ்சிய பெட்ரோல் திரும்பிப்போக இன்னொரு குழாய். மற்றதைக் கணினி தானே ஓட்டத்தில் கற்றுக்கொள்ளும் என்பது விளம்பரம். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் எர்த் வயர் சரியில்லாமல், பற்றவைப்பு வயர்களின் இரைச்சல் கணினியைக் குழப்பினால், மாதக்கணக்கில் பேய் பிடித்ததுபோல ஓடும். நாஸ்கார் பந்தயத்தின் முதல்தரப் பிரிவே 2012-இல்தான் கார்பரேட்டரைக் கைவிட்டது. அதுவரை மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் பறந்த கார்களுக்கு அது போதுமானதாக இருந்தது என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும்.

நம் பக்கத்து மாற்று அறுவைகள் எளியவை. இஸ்வாராவின் கார்பரேட்டரைத் தூக்கிவிட்டு, அதே குடும்பத்து எம்பிஐ எஞ்சினின் இன்டேக், இன்ஜெக்டர்கள், கணினி, வயரிங் எல்லாவற்றையும் பழைய காடிக் கடையில் வாங்கிப் பூட்டுவார்கள். கன்சிலுக்கு ஜப்பானிலிருந்து வந்த ஹாஃப் கட் டர்போ எஞ்சினை முழுசாக இறக்குபவர்களும் உண்டு. எஞ்சின் எண் மாறினால் வாகனச் சோதனையும் ஜேபிஜே பதிவும் வேண்டும் என்பதை இவர்களில் சிலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள். இன்னொன்றையும் மறக்கிறார்கள். பழைய பம்பு எஞ்சினோடு ஓடி எஞ்சினோடு நின்றது. மின்பம்பு அப்படியல்ல. எஞ்சின் நின்றதும் பம்பை நிறுத்தும் ரிலே இல்லாமல் நேரடியாக வயர் கொடுத்தால், விபத்தில் குழாய் அறுந்த காடி தன் டாங்கியைத் தானே தீயின்மேல் ஊற்றிக்கொண்டிருக்கும். செலவு மிச்சம் என்று இதில் கை வைக்காதீர்கள்.

நாள்தோறும் வேலைக்கு ஓட்டும் பழைய காடியா? மாற்றிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். மழைக் காலையில் ஒரே சாவித் திருப்பலில் எழும், பெட்ரோல் மிச்சமாகும், பின்னால் வருகிறவர் மூக்கைப் பிடிக்க மாட்டார். மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு எரிபொருள் அட்டவணையைத் திருத்தும் இருபத்தைந்து வயதுத் தம்பியும் போமன்தான். அவர் பார்க்கும் எண்கள் எங்கள் தலைமுறை காதால் கேட்டதைத்தான் சொல்கின்றன. பேச்சு அவரைப் பற்றியதல்ல. அந்த மடிக்கணினி வரை வந்து சேர அவருக்குச் சான்றிதழும் மென்பொருளும் ஸ்கேனர் வாங்கக் காசும் தேவைப்பட்டன. முன்பு லயத்திலிருந்து வந்த பையனுக்குத் தேவைப்பட்டவை ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு மைலோ டின்னும், கற்றுக்கொடுக்கத் திட்டிக்கொண்டே ஓர் அண்ணனும். அந்த விலையில் ஒரு தொழிலுக்குள் நுழையும் வாசல் இப்போது இல்லை. கார்பரேட்டருக்காக நான் வருந்தவில்லை. அந்த வாசல் அடைபட்டதற்காக வருந்துகிறேன்.

குடும்பம் அடியோடு அழிந்துவிடவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். உறவுகள் பலர் உயிரோடிருக்கிறார்கள். தோளில் மாட்டும் புல்வெட்டு மிஷினுக்குள் விரல் அளவுக் கார்பரேட்டர் இருக்கிறது. செம்பனை ஓலை வெட்டும் காந்தாஸ் கருவியின் டூ ஸ்ட்ரோக் எஞ்சினிலும் அப்படியே. கோலா லிங்கியில் மீனவர்களின் பழைய படகு மோட்டார்களிலும், பசார் மாலாம் கடைக்கு விளக்கெரிக்கும் சிறு ஜெனரேட்டரிலும் அதுதான். பழைய ஈஎக்ஸ்5 கப்சாய்கள் இன்னும் தோட்டத்துச் செம்மண் பாதைகளில் ஓடுகின்றன. அதே பெயரில் இன்று விற்கும் மோட்டோவின் பக்கவாட்டில் மட்டும் எஃப்ஐ என்று கூடுதலாக எழுதியிருக்கிறது.

சாகாவிலிருந்தோ கன்சிலிலிருந்தோ கார்பரேட்டரைக் கழற்றுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். எடை போட்டால் கிடைப்பது ஒரு வேளை நாசி லெமாக்குக்குத்தான் காணும். கிண்ணத்துப் பெட்ரோலை முழுவதும் வடித்துவிட்டு, ஜெட்டுகளைத் தனிப் பையில் கட்டி, எந்த எஞ்சின், எந்த எண் ஜெட் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளே போட்டு வையுங்கள். பக்கத்துத் தொழிற்பயிற்சி நிலையத்துக்கோ இடைநிலைப் பள்ளிக்கோ கொடுத்தால், காற்றழுத்தப் பாடத்துக்கு அதைவிட நல்ல கருவி வாங்க முடியாது. இன்னொன்று இதைவிட அவசரம். மஸ்ஜித் தானா, அலோர் காஜா வட்டாரத்தில் கார்பரேட்டரைக் காதால் டியூன் செய்யத் தெரிந்த தமிழ்ப் போமன்கள் சிலர் இருக்கிறார்கள். பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள், சிலர் வேலையை விட்டுவிட்டார்கள். அவர்கள் ஒரு கார்பரேட்டரைக் கழற்றிப் பூட்டி ஓடவைப்பதைக் கைபேசியில் படம் பிடிக்க அரை நாள் போதும். தீபாவளி விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது போய்க் கேளுங்கள்.